மூன்றாண்டு மாணவியும் அறுபதாண்டுக் கோரிக்கையும்

அன்புள்ள அம்மா,

நான் முதுகலை இறுதியாண்டு மாணவி. மாணவர் அமைப்பு ஒன்றில் மூன்று ஆண்டுகளாக இயங்கிவருகிறேன். பெண்ணியம் குறித்துப் பேசுவதற்கு என்னை முதலில் மேடையேற்றியவர்கள் எங்கள் தோழர்கள்தாம். ஆனால் கூட்டத்துக்கு இடம் கேட்டு அலைவதும், குறிப்பெடுப்பதும், எல்லாம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்குவதும், மனமுடைந்துபோன ஒருவரோடு இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பதும் பெண்களின் வேலையாகவே இருக்கின்றன. தீர்மானத்தை முன்மொழிவதும் பத்திரிகையாளர்களைச் சந்திப்பதும் ஆண்களிடம் போய்விடுகின்றன. இதைச் சொன்னபோது, "பெரிய போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போது உள்ளுக்குள் பிளவு வேண்டாமே" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களை விட்டால் எனக்கு வேறு கூட்டமும் இல்லை. சமூகம் இருக்கும் இடத்தில் நம்பிக்கையும் இருக்கும் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். சில மாதங்களில் படிப்பு முடிந்து வெளியேறப்போகிறேன். எதுவும் மாறவில்லை. எதன்மீது நம்பிக்கை வைப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் மேற்கோள் காட்டிய அந்த வரி அவசரத்தில் எழுதப்பட்டது. உங்கள் கடிதத்தைப் படித்தபின் அதைத் திருத்திக்கொள்ள வேண்டியவளாக இருக்கிறேன். அடக்கிவைக்கும் சமூகமும் சமூகம்தான். அது தரும் கதகதப்பும் பொய்யன்று. ஆகவே, யார் வாய்மூடி இருப்பதால் ஒரு சமூகம் ஒற்றுமையாகத் தோன்றுகிறது என்று கேட்ட பிறகே அதன்மீது நம்பிக்கை வைக்கலாமா என்று சொல்ல முடியும்.

பிளவு வேண்டாம் என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஐஸ்லாந்தில் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அலுவலக வேலை, சமையல், குழந்தை பராமரிப்பு அனைத்தையும் ஒருநாள் நிறுத்திவைத்தார்கள். அதைத் திட்டமிட்டபோது இடதுசாரிப் பெண்கள் 'வேலைநிறுத்தம்' என்ற சொல்லையே விரும்பினார்கள்; பழமைவாதப் பெண்களுக்கு அந்தச் சொல் ஒவ்வவில்லை. இறுதியில் 'விடுப்பு நாள்' என்று பெயரிட்டு இரு தரப்பினரும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே பாலினச் சமத்துவச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒற்றுமைக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தது பெயரை மட்டுமே, கோரிக்கையில் கைவைக்கவில்லை. உங்களிடமோ கோரிக்கையையே விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து 'சமரசம்' என்று அழைப்பதை நீங்கள் ஏற்கத் தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த நாளில் நாடே நின்றுபோனபோதுதான், அதுவரை வேலை என்று கணக்கில் வராதிருந்தவை எவ்வளவு பெரிய வேலைகள் என்பது பலருக்குத் தெரிந்தது. உங்கள் அமைப்பின் நாற்காலிகளும் அந்தக் கணக்கைச் சேர்ந்தவையே.

இனி, நம்பிக்கை பற்றி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் ஆண்களுக்கு நிகரான உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமையைத் தரும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989இல். அப்போதும், திருத்தம் நடைமுறைக்கு வருமுன் மணமாகிவிட்ட மகள்களுக்கு அந்த உரிமை இல்லை. அந்த வேறுபாடின்றி நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் எத்தனை பேர் அறுபது ஆண்டுகள் காத்திருந்து அதைப் பார்த்திருப்பார்கள்? ஆயினும் அந்தக் கோரிக்கை சாகவில்லை. ஒருவர் ஓய்ந்தபோது இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டார்.

மாணவர் இயக்கத்தின் இக்கட்டு இங்கேதான் இருக்கிறது. கோரிக்கையின் ஆயுள் அறுபது ஆண்டு, மாணவியின் ஆயுள் மூன்று ஆண்டு. ஒவ்வொரு முறை ஒரு அணி வெளியேறும்போதும் அது கற்றுக்கொண்டவையும் கூடவே வெளியேறிவிடுகின்றன. அடுத்து வருபவர்கள், தங்களுக்கு முன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இதைத் தடுப்பது எது? மேடைப்பேச்சு அன்று; அது அந்த மாலையோடு முடிந்துவிடும். எந்த மனுவுக்கு என்ன பதில் வந்தது, எந்த அதிகாரி எந்த விதியைக் காட்டி மறுத்தார், யார் எங்கே பின்வாங்கினார் என்று எழுதிவைத்த அந்தக் குறிப்பேடுதான் தடுக்கிறது. அதாவது, உங்கள் மீது சுமத்தப்பட்டதும் நீங்கள் வெறுக்கத் தொடங்கியிருப்பதுமான வேலையில்தான் அமைப்பின் நினைவு முழுவதும் இருக்கிறது. ஆகவே வேலைப் பிரிவினை குறித்த உங்கள் கேள்வியை உட்பூசல் என்று ஒதுக்க முடியாது. அது அமைப்பு தொடர்ந்து வாழுமா என்ற கேள்வி. அடுத்த கூட்டத்தில் இதை மனக்குறையாகச் சொல்லாமல், குறிப்பெடுப்பதும் நாற்காலி அடுக்குவதும் பத்திரிகையாளர்களிடம் பேசுவதும் எல்லோருக்கும் முறைவைத்து மாறிமாறி வரவேண்டும் என்று தீர்மானமாகவே முன்மொழியுங்கள். தோற்றாலும் அது குறிப்பேட்டில் ஏறும். ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில குறிப்பேடுகளுக்குத் தோற்ற தீர்மானங்களை மறந்துவிடும் வழக்கம் உண்டு.

எதுவும் மாறவில்லை என்கிறீர்கள். நீங்கள் இதை அமைப்புக்குள் சொல்லிவிட்டீர்கள், அவர்கள் மறுத்துப் பேச வேண்டியதாயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் இப்பேச்சு எழுந்திருக்குமா என்பதை நீங்களே அறிவீர்கள். இதைச் சாதனை என்று ஊதிப் பெருக்கமாட்டேன். ஆனால் உங்களுக்குப் பின் வரும் பெண் இதை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை, யாராவது அவளிடம் இதைச் சேர்ப்பித்தால்.

மனமுடைந்தவரோடு இரவெல்லாம் பேசுவதை மட்டும் எந்த முறைப்பட்டியலில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. துயரத்தில் இருப்பவர் தாம் நம்புகிறவரிடம்தான் போவார். இன்று உன் முறை என்று ஒருவரை அனுப்பிவைக்க முடியாது. ஆனால் உங்கள் தோழர்களில் ஒருவரிடம்கூட எவரும் ஏன் அப்படிப் போவதில்லை என்பதை அவர்களிடமே கேட்கலாம். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.