பழைய வால்வு ரேடியோவில் எந்த நிற வயர் எதற்கு?

பழைய அமெரிக்க வால்வு (வெற்றிடக் குழாய்) ரேடியோவின் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பல நிற வயர்கள் வரும். எது எதற்கு என்று நிறமே சொல்வதுதான் வண்ணக் குறியீடு. கறுப்பு இரண்டும் மெயின்ஸ், அதாவது வீட்டு பிளக்கிலிருந்து வரும் மின்சாரம். மஞ்சள் ஜோடி, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வின் இழையைச் சூடாக்க, பெரும்பாலும் 5 வோல்ட். பச்சை மற்ற வால்வுகளின் இழைக்கு, 6.3 வோல்ட். சிவப்பு ஜோடியில் நூற்றுக்கணக்கான வோல்ட். சிவப்பில் மஞ்சள் கோடு போட்டது அந்தச் சிவப்புச் சுருளின் நடு முனை. பச்சைக்குப் பதில் சிவப்பை இணைத்தால் வால்வு இழை அந்த நொடியே போச்சு. அதற்குத்தான் இவ்வளவு நிறம். பால் பாக்கெட்டை எழுத்தைப் படிக்காமல் நிறம் பார்த்தே எடுக்கிறோமே, அதே கதை. (துணி உறை மங்கிப் பழுப்பாகியிருந்தால், வெளிச்சம் படாத அடிப்பகுதியில் பாருங்கள்.)

நம் பழைய வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரல் என்பதால் இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இரண்டு கறுப்பில் ஒன்று ஃபேஸ்.