எல்லை தாண்டும் எரிவாயுவுக்குக் கட்டணம்: கேள்வி பதில்

ஜெர்மனியின் எரிவாயுச் சேமிப்புக் கட்டணம் பற்றி நம் சிங்கப்பூர் நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். எரிவாயு வணிகக் கணக்கில் பல வருடம் புழங்கியவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

செங்காங்கிலிருந்து: அண்ணே, எதற்காக இந்தக் கட்டணம்?

2022 கோடையில் ரஷ்ய வரத்து குறைந்ததும், நவம்பர் 1க்குள் சேமிப்புக் கிடங்குகளை 95 சதவீதம் நிரப்புவது என்று ஜெர்மனி இலக்கு வைத்தது. டிரேடிங் ஹப் யூரோப் என்ற சந்தை நிர்வாக நிறுவனமும் வாங்கி நிரப்பியது. அந்த ஆகஸ்ட்டில் ஐரோப்பிய விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட் ஆற்றலுக்கு) 300 யூரோவைத் தாண்டியிருந்தது. அப்புறம் விலை சரிந்து, விற்றபோது பெரும் நட்டம். அதை ஈடுகட்டத்தான் கட்டணம்: மெகாவாட்-மணிக்கு 2022 அக்டோபரில் 0.59 யூரோ, 2024 ஜூலையில் 2.50 யூரோ.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: அது அவர்கள் வீட்டுச் செலவு. அண்டை நாடுகள் ஏன் கொதித்தன?

உள்நாட்டில் எரிப்பவரிடம் மட்டும் வசூலித்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரியாவுக்கும் செக் குடியரசுக்கும் குழாயில் வெளியேறும் வாயுவுக்கும் வசூலித்தார்கள். கணக்கைப் பாருங்கள். 10 மெகாவாட் அளவில் ஒரு நாள் முழுக்க அனுப்பினால் 240 மெகாவாட்-மணி. 2.50 யூரோ வீதம் நாளுக்கு 600 யூரோ, 30 நாளுக்கு 18,000. இரண்டு சந்தைகளின் விலை வித்தியாசம் குழாய் வாடகையையும் இந்தத் தொகையையும் மிஞ்சினால்தான் வியாபாரி அனுப்புவார். ஆக, அங்கே விலை ஏற வேண்டும், இல்லையென்றால் சரக்கு வராது.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. நார்வே வாயுவோ கப்பலில் இறங்கிய எல்.என்.ஜி.யோ (குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு) ஜெர்மனி வழியாகப் போனால் கட்டணம். உக்ரேன் வழியாக வந்த ரஷ்ய வாயுவுக்கு அது கிடையாது. ரஷ்யாவை விட்டு விலகப் பார்த்தவர்களுக்கே கூடுதல் செலவு!

தெம்பனிஸிலிருந்து: ஐயா, ஜெர்மனி நிரப்பி வைத்ததால் அவர்களுக்கும் பயன்தானே?

நியாயமான கேள்வி. பயன் இருந்தது. ஆனால் ஆஸ்திரியா தன் அவசரக் கையிருப்பை 2022இல் தன் காசிலேயே வாங்கியது. அதன் மக்கள் இரண்டு நாட்டுக் கிடங்குக்கும் ஏன் கட்ட வேண்டும்? வழியில் உள்ள ஒவ்வொரு நாடும் இப்படிக் கிளம்பினால் கடைசியில் வாங்குபவர் கதி என்ன? உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரிக்கு நிகரான எந்தக் கட்டணத்தையும் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் தடுப்பதே இதற்காகத்தான். எல்லைக் கட்டணத்தை ஜெர்மனி 2025 ஜனவரி 1 முதல் நீக்கியது. உக்ரேன் வழி ரஷ்ய வரத்து நின்றதும் அதே நாள்தான். 2026 தொடக்கத்தில் உள்நாட்டுக் கட்டணமும் பூஜ்யமானது, மீதிக் கடனை அரசு ஏற்றது.

உட்லண்ட்ஸிலிருந்து: வேறு நாடு செய்திருக்கிறதா?

பல்கேரியா. 2023 அக்டோபரில், தன் வழியாகப் போகும் ரஷ்ய வாயுவுக்கு மெகாவாட்-மணிக்கு 20 லெவா (அதன் அப்போதைய நாணயம்) விதித்தது. எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பியப் பயண வட்டமான ஷெங்கனில் சேர விடமாட்டோம் என்று, அந்த வாயுவை வாங்கிய ஹங்கேரி மிரட்டியதும் டிசம்பரில் கைவிட்டது.

பொங்கோலிலிருந்து: சார், நம் கரண்ட் பில்லுக்கு இதில் ஏதாவது?

நேரடியாக இல்லை. ஆனால் நம் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் எரிவாயுவில்தான் ஓடுகிறது. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வரும் குழாய்களின் கடைசி முனை நாம். நம்மைத் தாண்டிக் குழாய் போகாததால், கையிருப்புச் செலவை அடுத்த நாட்டின் தலையில் கட்ட வழியே இல்லை. பார்க்க வேண்டியது மேல்முனையை. விற்கும் நாடு தன் எல்லையில் புதுக் கட்டணம் வைத்தால் அது யார் பொறுப்பு என்பதை விற்பனை ஒப்பந்தத்தின் வரி மாற்றப் பிரிவு முடிவு செய்யும். அது விற்பவர் பக்கம் சாய்ந்திருந்தால், 2013 முதல் ஜூரோங் தீவில் இயங்கும் எல்.என்.ஜி. முனையம்தான் பேரம் பேச நம் கையில் இருக்கும் பலம்.