நிலாவோட ஓரத்தை வரைஞ்சவர்

அண்ணா, வணக்கம். போன வாரம் டிவியில வானியல் நிகழ்ச்சி நடத்தின இங்கிலாந்துக்காரர் பேட்ரிக் மூர் பத்தி எழுதியிருந்தீங்க. காலேஜ் பக்கமே போகாதவர், டிவியில நல்லா பேசினார், அவ்ளோதானே? அவரை வானியலாளர்னு சொல்றது கொஞ்சம் ஓவரா தெரியலையா? தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிடுங்க.
- திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, இதுல தப்பு ஒண்ணும் இல்ல, நிறைய பேருக்கு இருக்கற சந்தேகம்தான்.

முதல்ல டிவியை விட்டுடுங்க. நிலா எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டும்னு படிச்சிருப்போம், ஆனா அது லேசா தலையாட்டிக்கிட்டே இருக்கும், அப்ப ஓரத்துல மறைஞ்சிருக்கற இடம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதையெல்லாம் சேர்த்தா 59 சதவீதம் நம்ம கண்ணுக்கு வந்துடும். அந்த ஓரம்தான் ரொம்ப கஷ்டம். வட்டமான பள்ளம்கூட நசுங்கின கோடு மாதிரி இருக்கும், தலையாட்டலும் வெயிலும் சரியா அமையற ராத்திரி கொஞ்சம்தான், அன்னிக்குன்னு பார்த்து இங்கிலாந்துல மேகம் மூடிக்கும். மூர் வருஷக்கணக்கா டெலஸ்கோப்ல கண்ணை வச்சு அந்த ஓரத்தைத்தான் வரைஞ்சார். 1959ல லூனா 3ங்கற சோவியத் விண்கலம் நிலாவோட பின்பக்கத்தை மங்கலா படம் எடுத்தப்போ எது எங்க இருக்குன்னு பொருத்திப் பார்க்க சோவியத்காரங்களுக்கு இவர் வரைபடமும் உதவிச்சு. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?

பிரிட்டிஷ் வானியல் சங்கத்துல சேர்ந்தப்போ வயசு 11. பிபிசியில 'தி ஸ்கை அட் நைட்'ங்கற வானியல் நிகழ்ச்சி 1957 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2012 டிசம்பர்ல சாகற வரைக்கும் மாசாமாசம் அவர்தான், நடுவுல 2004ல ஃபுட் பாய்சன் ஆகி ஒரே ஒரு தடவைதான் வரல. எனக்கு அதைவிட பெருசா தெரியறது அந்த 1908 மாடல் உட்ஸ்டாக் டைப்ரைட்டர். ஸ்கூல் பசங்க எழுதற லெட்டருக்கெல்லாம் அதுல தட்டித் தட்டி பதில் போட்டிருக்கார்.

பொம்பளைங்க பத்தியும் குடியேறி வந்தவங்க பத்தியும் அவர் பேசினதை என்னால ஏத்துக்க முடியாது, அதை மறைக்கவும் மாட்டேன்.

இன்னொண்ணு. பழைய காலத்து பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே, நட்சத்திரக் கூட்டம், நெபுலா மாதிரி மங்கலா தெரியறதுக்கெல்லாம் எம்1, எம்2ன்னு நம்பர் போட்டு, பாரிஸ்ல இருந்து பார்த்துப் போட்ட லிஸ்ட்ல தெற்கு வானம் பாதி இல்ல. விட்டுப்போனதுல 109ஐ எடுத்து மூர் 1995ல தனி லிஸ்ட் போட்டார், எம்ங்கற எழுத்து ஏற்கெனவே மெஸ்ஸியேவுக்குப் போயிடுச்சு, அதனால தன் பேர்ல இருந்த கால்டுவெல்லை வச்சு சி. அதுல சி80தான் ஒமேகா சென்டாரிங்கற நட்சத்திரக் கூட்டம், பாரிஸ்ல அது உதிக்கவே உதிக்காது, நமக்கு நல்லாவே மேல வரும். மே கடைசியில ராத்திரி ஒன்பது மணிக்கு டவுன் லைட் இல்லாத இடமா போய் நேர் தெற்கே, கையை நீட்டி மூணு முஷ்டி உயரத்துல பைனாகுலரை வச்சுப் பாருங்க, பஞ்சைப் பிச்சு ஒட்டின மாதிரி ஒண்ணு இருக்கும். பல லட்சம் நட்சத்திரம் அது. பார்த்துட்டு எழுதுங்க தம்பி.