வென்ட் டிரையரா, கண்டென்சர் டிரையரா: வீட்டுக்கு எது சரி?

துணி உலர்த்தும் டிரையரை வைக்கும் இடத்தில் வெளிச்சுவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுவரில் சுமார் 4 அங்குலத் துளை போட முடியுமானால், ஈரக் காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வென்ட் வகையே போதும். விலையும் குறைவு, பராமரிப்பும் குறைவு. குழாய் உலோகத்தில், குட்டையாக இருக்கட்டும். நீண்டு வளைந்தால் பஞ்சு அடைத்துக்கொள்ளும். துணி காயத் தாமதமாகும், தீப்பிடிக்கவும் கூடும். குழாயை அறைக்குள்ளேயே விட்டால் சுவரெல்லாம் பூஞ்சைதான்.

துளைக்கு வழியில்லையா, கண்டென்சர் வாங்குங்கள். துணியின் ஈரம் ஆவியாகி, உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகித் தொட்டியில் சேரும். ஒவ்வொரு முறையும் கொட்டிவிட வேண்டும். பலர் மறப்பது அடியில் இருக்கும், ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் பெட்டியை. கழற்றும் வகையென்றால் மாதம் ஒருமுறை உருவி, பஞ்சு போக அலசி, ஈரம் வடிந்தபின் மாட்டுங்கள். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் வைத்தால் அறையே சூடாகி, ஆவி சரியாகக் குளிராது. துணி நமத்துப்போய்த்தான் வரும்.

அடிக்கடி ஓட்டுபவர்கள், வெப்பத்தை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகையைப் பார்க்கலாம். மெதுவாகக் காயும், ஆனால் கரண்ட் ஏறக்குறைய பாதிதான்.