சலுகை மதிப்பெண் யாருக்கு?

கேள்வி: 1986இல் ஸ்பைக் லீ எடுத்த 'ஷீஸ் காட்டா ஹேவ் இட்' படத்தை அண்மையில் பார்த்தேன். பார்த்த கையோடு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பாதிப் பேர் காவியம் என்கிறார்கள், பாதிப் பேர் தண்டம் என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. நடிப்பு பள்ளி ஆண்டு விழா நாடகம் போல இருக்கிறது. ஆளுக்கு ஆள் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். படம் கறுப்பு வெள்ளை. ஒலி மோசம். ஒரே பெண் ஒரே சமயத்தில் மூன்று பேருடன் பழகுகிறாள். இதைக் காதல் நகைச்சுவை என்கிறார்கள், சிரிப்பு எங்கே? இயக்குநர் கறுப்பினத்தவர், காசில்லாமல் எடுத்தார் என்பதற்காகப் போட்ட சலுகை மதிப்பெண்தானே இத்தனை புகழும்? நீங்கள் எந்தப் பக்கம்?

– வாசகர், திருச்சி.

பதில்: எந்தப் பக்கம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் 'காசில்லாமல்' என்ற சொல்லுக்கு வருவோம். அதைச் சாக்கு என்று நினைக்கிறீர்கள். படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுபவர்களில் பலரும் அதைச் சாக்காகவேதான் பயன்படுத்துகிறார்கள். அந்த வகையில் நீங்கள் இரு தரப்பும் ஒரே கட்சி.

படத்தின் செலவு 1,75,000 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 20 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். 1984இல் லீ தொடங்கவிருந்த வேறொரு படம் பணம் திரளாமல் கைவிட்டுப் போனது. சூடுபட்ட பிறகு உட்கார்ந்து, ஆட்களும் இடங்களும் குறைவாக உள்ள கதை ஒன்றை எழுதினார். 1985 கோடையில் நியூயார்க்கின் புரூக்ளினில் 12 நாளில் படப்பிடிப்பை முடித்துவிட்டார். மாநிலக் கலை மன்றத்தின் உதவித்தொகை கொஞ்சம், கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்த பாட்டியின் பணம் கொஞ்சம், மீதிக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கையேந்தினார். படப்பிடிப்பில் குடித்து முடித்த சோடா டின்களையும் பாட்டில்களையும் ஒருவரும் வீசக் கூடாது. கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 5 சென்ட் கிடைக்கும், அதுவும் படக்கணக்கில் வரவு.

இசை அவருடைய அப்பா பில் லீ. நாயகியின் தந்தையாக நடித்தவரும் அவரே. நாயகியோடு முன்பு ஒரே வீட்டில் குடியிருந்த தோழியாக வருபவர், லீயின் சொந்தத் தங்கை. ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் டிக்கர்சன், கூடப் படித்தவர். மூன்று காதலர்களில் ஒருவன், மூக்குக்கண்ணாடியும் கழுத்தில் பெயர் தொங்கும் சங்கிலியுமாகச் சைக்கிளில் சுற்றும் மார்ஸ், சாட்சாத் இயக்குநரேதான். கட்டிலுக்கு வந்தாலும் காலணியைக் கழற்றாத பிறவி அவன்.

இனி, கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்ற புகார். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு ஆள். இதைவிடச் செலவு குறைந்த காட்சி சினிமாவில் கிடையாது, அதனால்தான் அப்படி எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் படம் எப்படித் தொடங்குகிறது என்று மறந்துவிட்டீர்களா? நாயகி நோலா டார்லிங் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, என் பெயருக்கு வந்த களங்கத்தைத் துடைப்பதற்காகத்தான் இதற்கு ஒப்புக்கொண்டேன் என்கிறாள். அப்புறம் வருபவர்கள் அனைவரும் சாட்சிகள். காதலர்கள் சாட்சி சொல்கிறார்கள், தோழி சொல்கிறாள், தந்தை சொல்கிறார், மருத்துவர் ஒருவரும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். நீதிபதி நாற்காலியில் நம்மை உட்காரவைத்திருக்கிறார்கள். கடைசியில் அவள் நம்மிடமே திரும்பி, நான் ஒருவனுக்கு உடைமையாக இருக்கும் வகை அல்ல என்று சொல்லிவிட்டு, தீர்ப்பைக் கேட்காமலேயே போர்வைக்குள் போய்விடுகிறாள். இல்லாமையிலிருந்து பிறந்த உத்தி, கதையின் முதுகெலும்பாகிவிட்டது. கோடிக்கணக்கில் பணம் இருந்திருந்தால் இதற்குப் பதில் நான்கு உணவகங்களும் ஒரு மழைக்காட்சியும் வந்திருக்கும்.

சிரிப்பு எங்கே என்று கேட்டீர்கள். இன்னொரு காதலன் கிரியர் துணி மடிக்கும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆள் விளம்பர மாடல், கண்ணாடியைக் காதலித்து மிச்சம் இருந்தால் மற்றவர்களையும் காதலிப்பவன். நோலா கட்டிலில் காத்திருக்கிறாள். அவன் ஒவ்வொரு துணியாகக் கழற்றுகிறான். கழற்றியதை மடிக்கிறான். மடிப்புக் கலையாமல் நீவி, அடுக்கி வைக்கிறான். இஸ்திரிக்கடைக்காரர்கூட அவ்வளவு பக்தியோடு துணியைத் தொட மாட்டார். அவள் முகத்தில் ஆசை மெல்ல வடிந்து பொறுமையாகி, பொறுமை வடிந்து அலுப்பாகிறது. ஒரு வசனம் தேவைப்படவில்லை. இந்த மனிதனோடு ஒரு பெண் ஏன் வாழ முடியாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

அடுத்தது, ஆண்கள் வரிசையாக வந்து கேமராவுக்கு நேராக, தெருவில் பெண்களைப் பார்த்து வீசும் மடக்கு வசனங்களைச் சொல்லும் இடம். ஒவ்வொருவனும் தன் வசனம் உலகத்திலேயே புதியது என்ற நினைப்பில் சொல்கிறான். அந்தப் பகுதிக்கு லீ வைத்த பெயர் 'நாய்கள்'. கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.

நன்றி அறிவிப்பு நாள் விருந்துக்கு மூன்று பேரையும் ஒரே மேசைக்கு அழைத்துவிடுகிறாளே, அங்கேயுமா சிரிக்கவில்லை? மூவரும் ஒருவரையொருவர் முறைக்கிறார்கள், குத்திக்காட்டுகிறார்கள். பதற்றமே இல்லாமல் இருப்பவள் அவள் மட்டும்தான். உங்கள் குழப்பம் எனக்குப் புரிகிறது. மூன்று காதலர்களை வைத்திருப்பவள்தான் நகைப்புக்கு ஆளாக வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். படமோ அந்த மூவரையும் பார்த்துச் சிரிக்கிறது. எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராததால் சிரிப்பே இல்லை என்று எழுதிவிட்டீர்கள்.

நடிப்பைப் பற்றிச் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மூன்றாவது காதலன் ஜேமியாக வருபவர் காதல் வசனத்தைப் பட்டமளிப்பு விழா உரை போலப் பேசுகிறார். ஆனால் நோலாவாக வரும் டிரேசி கமிலா ஜான்ஸ்? அந்தச் சோம்பலான புன்னகையைப் பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் பார்த்திருந்தால், எந்தப் பள்ளி என்று எழுதி அனுப்புங்கள்.

கறுப்பு வெள்ளை என்பதையும் குற்றமாகச் சேர்த்திருக்கிறீர்கள். நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டில், நண்பர் ஒருவரின் அறையில். பாதிப் படத்தில், பிறந்தநாள் பரிசு என்று ஜேமி அவளைப் பூங்காவுக்கு அழைத்துப்போகிறான். திடீரென்று திரையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பேர் ஆடத் தொடங்கினார்கள். யாரோ வேறு படத்தை மேலே பதிவு செய்துவிட்டார்கள் என்று நண்பர் எழுந்துபோய்க் கேசட்டை வெளியே எடுத்து, தட்டி, ஊதி, மறுபடி போட்டார். மறுபடியும் வண்ணம். படம் முழுவதிலும் அந்த ஒரு நடனத்துக்கு மட்டும்தான் வண்ணம். கிடைத்த பணத்தில் எந்த இடத்தில் வண்ணம் வேண்டும் என்று யோசித்தவரைக் காசில்லாதவர் என்று சொல்லலாம். விவரமில்லாதவர் என்று சொல்ல முடியாது.

இப்போது சலுகைக்கு வருகிறேன். 1986இல் அமெரிக்கத் திரையரங்குகளில் இந்தப் படம் சுமார் 70 லட்சம் டாலர் வசூலித்தது. டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்பவர்கள் இயக்குநரின் நிறத்துக்கு இரங்கிக் காசு கொடுப்பதில்லை. தங்களைப் போன்றவர்கள் தங்கள் தெருவில் காதலித்து, சண்டை போட்டு, அசடு வழிவதைப் பார்க்க வந்தார்கள். கஞ்சா விற்பவனாகவோ வெள்ளைக் கதாநாயகனின் சிரிப்புத் தோழனாகவோ வந்து போவதையே பார்த்து அலுத்தவர்கள் அவர்கள். படத்தின் இறுதி எழுத்துகளில் ஒரு வரி வரும்: இந்தப் படத்தில் ஜெரி கர்ல் கிடையாது, போதைப்பொருளும் கிடையாது. ஜெரி கர்ல் என்பது அக்காலத்தில் எண்ணெய் சொட்டச் சொட்டச் சுருட்டிவிட்டுக்கொண்ட தலையலங்காரம். இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் விரட்டினார். அந்தக் குறும்பு புரியாமல் இந்தப் படத்தை எடைபோடுவது கடினம்.

சலுகை என்று ஒன்று இருந்திருந்தால் அது வேறு விதமானது. நியூயார்க் நகைச்சுவைப் படங்களுக்குப் பேர்போன வெள்ளை இயக்குநர் வுடி ஆலனோடு ஒப்பிட்டு, லீயைக் 'கறுப்பு வுடி ஆலன்' என்று அழைத்துப் பெருமைப்படுத்திவிட்டதாக நினைத்த விமர்சகர்கள் உண்டு. அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்குமா? கான் விழாவில் அந்த ஆண்டு இளைஞர் விருது கிடைத்தது. 2019இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. அதெல்லாம் கிடக்கட்டும், விருதைக் காட்டி வாயை அடைப்பது என் வேலை இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஒன்றைத் தேடி. நடிப்பு, கேமரா, நிறம், ஒலி, நகைச்சுவை, புகழ் என்று வரிசையாகக் குற்றப்பத்திரிகை வாசித்திருக்கிறீர்கள். நான் தேடியது அதில் இல்லை. படத்தின் பிற்பகுதியில், நள்ளிரவில் நோலா கூப்பிட்டாள் என்று வரும் ஜேமி, கோபத்தில் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். மூவரில் நல்லவன் என்று படம் அதுவரை நமக்குக் காட்டிவந்தவன். அது வன்புணர்வு. ஆனால் படம் அதைக் காதலனின் மனவலி போலக் கடந்துபோகிறது. அதற்குப் பிறகு அவள் மற்ற இருவரையும் விலக்கிவிட்டு அவனிடமே போகிறாள். பின்னால் அவனையும் விட்டுவிடுகிறாள் என்பது உண்மைதான், ஆனாலும் நடந்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. தன் உடல் தன்னுடையது என்று சொல்லும் ஒரு பெண்ணைப் படைத்த படம், அவளுக்கு இப்படி ஒரு பாடம் புகட்டிவிட்டு நகர்கிறது.

கறுப்பினப் பெண்களே இதை எழுதிக் கண்டித்தார்கள். கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1980களிலேயே படத்தை இந்த இடத்தில் பிடித்து உலுக்கினார். லீக்கு உறைக்க நாளாயிற்று. 2014இல் ஒரு பேட்டியில், தன் படங்களில் எதையாவது திரும்பப் பெற முடியும் என்றால் அந்தக் காட்சியைத்தான் பெறுவேன், அப்போது எனக்கு முதிர்ச்சி இல்லை என்ற பொருளில் சொன்னார். 2017இல் அதே கதையைத் தொடராக எடுத்தபோது எழுத்தாளர்கள் குழுவில் பெண்களை உட்காரவைத்தார், அந்தக் காட்சி திரும்ப வரவில்லை.

இதற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. அதை எடுக்காமல் இருந்திருந்தால் ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது, அரை நாள் படப்பிடிப்பு மிச்சமாகியிருக்கும். காவியம் என்று கொண்டாடுபவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, முதல் படம்தானே என்று மன்னித்துவிடுகிறார்கள். நீங்களும் பேசவில்லை. ஒலி இரைகிறது என்பது உங்கள் காதில் விழுந்திருக்கிறது, மூன்று பேரோடு பழகுகிறாள் என்பது உறுத்தியிருக்கிறது. அந்தக் கட்டிலில் நடந்தது மட்டும் புகார்ப் பட்டியலில் ஏறவில்லை. சலுகை மதிப்பெண் என்றீர்களே, ஜேமிக்குப் போட்டீர்கள் பாருங்கள், அதுதான்.

எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். படத்தை நண்பர்களிடம் பார்க்கச் சொல்வேன், அந்தக் காட்சியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு. இறுதி எழுத்துகள் ஓடும்போது எழுந்துவிட வேண்டாம் என்றும் சொல்வேன். நடித்தவர்கள் ஒவ்வொருவராக கிளாப் பலகையைப் பிடித்துக்கொண்டு தங்கள் பெயரைச் சொல்வார்கள், அந்த முகங்களில் ஒரு மகிழ்ச்சி இருக்கும்.

ஒலி மோசம்தான். அதில் உங்கள் பக்கம்.