நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

கேள்வி: ‘எல்லாம் நிலையற்றவை’ என்று சொல்லிக்கொண்டேதான் தினமும் தியானத்தில் உட்காருகிறேன். இருபது நிமிடத்தில் முழங்கால் வலிக்கிறது; மனம் அதையே சுற்றுகிறது. பற்றும் குறைந்தபாடில்லை. எங்கே தவறு?

பதில்: சொல்லிக்கொள்வதில்தான். நிலையாமையைக் கண்ணால் காண்பதுபோல் காண வேண்டும். அந்த முழங்கால் வலியே அதற்கு நல்ல இடம்.

துன்பம் விளையும் வழியைப் பௌத்தம் பன்னிரு சார்புகளாக, அதாவது ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் சங்கிலியாகச் சொல்கிறது. மணிமேகலையின் 30ஆம் காதை அவற்றுக்கு அருமையான தமிழ்ப் பெயர்கள் தருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். நுகர்வு என்பது இங்கே இன்பம், துன்பம் என உணர்வது; உடம்பு உள்ளவரை அது நிற்காது. புத்தருக்கே முதுகு வலித்ததாகப் பாலி மொழிச் சூத்திரங்கள் சொல்கின்றன. நாம் அறுக்கக்கூடிய கண்ணி நுகர்வுக்கு அடுத்தது, நுகர்வு வேட்கையாகும் இடம். பற்றாக இறுகிய பிறகு மல்லுக்கட்டுவது வீண் சிரமம்.

பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாதோ (1904–1982) கற்பித்த முறையில், மூச்சோடு வயிறு அசைவதை ‘எழுகிறது’, ‘தாழ்கிறது’ என்று மனத்துக்குள் குறிக்க வேண்டும். வலி மேலோங்கினால் வயிற்றை விட்டுவிட்டு ‘வலி, வலி’ என்று குறியுங்கள். சொல் மெலிதாக இருக்கட்டும். கவனம் வலிமேல் இருக்கட்டும். சற்று நிலைத்ததும் ‘வலி’ என்ற ஒற்றைக் கட்டி உடையும். சூடு, இறுக்கம், குத்தல் எனப் பிரிந்து, கூடிக் குறைந்து, இடம் மாறும். ‘எப்போது போகும்?’ என்ற எரிச்சலை ‘வெறுப்பு’ என்று தனியே குறியுங்கள். வலி நுகர்வு, அது தொலைய வேண்டுமென்ற தவிப்பு வேட்கை. பாலியில் அதற்கு விபவ தண்ஹா என்று பெயர். பலரும் வழுக்குவது இங்கேதான்: வலியைத் துரத்துவதற்காகவே குறிக்கிறார்கள், குறிப்பதே வேட்கைக்குத் தீனியாகிவிடுகிறது.

தாங்கவே முடியாதபோது ‘நகர்த்த எண்ணம்’ என்று குறித்துவிட்டு, காலை மெல்ல நகர்த்துங்கள். எழுந்து நடந்த பிறகும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நாற்காலியில் உட்காரலாம், பயிற்சிக்குக் குறைவில்லை.

கேள்வி: பற்றறுக்க வீட்டைத் துறந்தே ஆக வேண்டுமா?

பதில்: விடுதலைக்குப் பௌத்தம் சொல்லும் நான்கு படிகளில் முதல் படிக்கு வேண்டாம். புத்தரின் இல்லறச் சீடர்களான அனாதபிண்டிகரும் விசாகையும் இல்லறத்தில் இருந்தபடியே அந்த முதல் படியான சோதாபன்ன நிலை எய்தியவர்கள். அங்கே அறுபவை மூன்று: நிலையான ‘நான்’ உண்டென்ற கருத்து, ஐயம், சடங்கும் நோன்புமே விடுவிக்கும் என்ற பிடிப்பு. புலனின்ப ஆசை அடியோடு அறுவது மூன்றாம் நிலையான அனாகாமியில்தான். எனவே பிள்ளைகள்மீதுள்ள அன்பை வெட்டுவதில் தொடங்காதீர்கள். வீட்டில் பேச்சு முற்றி ‘நான் சொல்வதே சரி’ என்று நெஞ்சு சூடாகும்போது, முழங்கால் வலியைக் குறித்ததுபோலவே அந்தச் சூட்டையும் குறியுங்கள்.