துப்பாக்கி இறக்குமதிக்கு அனுமதி மறுப்பு: நீதிமன்றத்தை நாட முடியுமா?

கேள்வி: துப்பாக்கி சுடும் போட்டிகளில் பங்கேற்றுவரும் எனக்கு முறையான ஆயுத உரிமம் உள்ளது. போட்டிக்கான ரைபிள் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இறக்குமதி உரிமம் கோரியிருந்தேன். ‘நடைமுறையிலுள்ள கொள்கையின்படி பரிசீலிக்க இயலாது’ என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். இந்தக் கட்டுப்பாடே அரசியலமைப்புக்கு முரணானது என வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: வழக்குத் தொடுக்கலாம், ஆனால் கட்டுப்பாட்டையே எதிர்த்தால் தோற்பதற்கான வாய்ப்பே அதிகம். ஆயுதம் வைத்திருப்பதை அமெரிக்க அரசியலமைப்பு உரிமையாக ஏற்றிருப்பதுபோல் நம்முடையது ஏற்கவில்லை. அமைதியாகக் கூடும் உரிமையைத் தரும் 19ஆவது உறுப்புகூட ‘ஆயுதமின்றி’ என்ற நிபந்தனையோடுதான் அதைத் தருகிறது. இறக்குமதியைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 3ஆவது பிரிவும், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 10, 11ஆவது பிரிவுகளும் மத்திய அரசுக்கு வெளிப்படையாக அதிகாரம் அளிக்கின்றன.

உங்கள் வழக்கின் வலு அந்த ஒற்றை வரி ஆணையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, உரிமம் மறுக்கும் அதிகாரி அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். ‘கொள்கை’ என்று மட்டும் சொல்வது காரணமாகாது. அதுவும், தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு அந்தக் கொள்கையே வழிவிட்டிருக்கும்போது, நீங்கள் அதற்குள் ஏன் வரவில்லை என்பதை ஆணை விளக்கியிருக்க வேண்டும். ஆணையில் இல்லாத காரணங்களைப் பின்னர் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து அதை நிலைநிறுத்த முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977 டிசம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது. உங்களுக்கு நிகரான தகுதியுடைய வேறொருவருக்கு அனுமதி தரப்பட்டிருந்தால், அரசியலமைப்பின் 14ஆவது உறுப்பின்கீழ்ப் (சட்டத்தின் முன் சமத்துவம்) பாகுபாடு என்ற வாதமும் சேரும். அதற்கு ஆவணம் வேண்டும், கேள்விப்பட்டது போதாது.

மறுப்பு எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்பதை முதலில் பாருங்கள். வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின்கீழ் என்றால், ஆணை கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் 15ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாட்கள் கிடைக்கலாம். ஆயுதச் சட்டத்தின்கீழ் என்றால் 18ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழிவிடுகிறது. எனினும் அரசே பிறப்பித்த அல்லது அரசின் உத்தரவின்பேரில் பிறப்பிக்கப்பட்ட ஆணைக்கு அது பொருந்தாது என்பதால், அப்போது அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. மேல்முறையீட்டைத் தவிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றம் சென்றால், மாற்றுப் பரிகாரம் இருப்பதாக அரசுத் தரப்பு ஆட்சேபிக்கும். இயற்கை நீதி (பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்டு நடுநிலையோடு முடிவெடுக்க வேண்டும் என்ற நெறி) மீறப்பட்டால் அது தடையாகாது என்று வேர்ல்பூல் வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், அதை மட்டும் நம்பி 45 நாட்களைக் கடத்திவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனுவில் ‘உரிமம் வழங்க உத்தரவிடுக’ என்று மட்டும் கேட்காதீர்கள். மறுப்பாணையை ரத்து செய்து, நேரில் விளக்கமளிக்க வாய்ப்பளித்து, காரணங்களுடன் குறித்த காலத்துக்குள் மறுபரிசீலனை செய்ய உத்தரவிடுமாறும் கேளுங்கள். நீதிமன்றங்கள் பெரும்பாலும் தரக்கூடிய நிவாரணம் அதுவே.

வெளிநாட்டு விற்பனையாளருக்கு முன்பணம் செலுத்தியிருந்தால், உரிமம் கைக்கு வரும்வரை துப்பாக்கியை அனுப்ப வேண்டாம் என இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். உரிமமின்றி வந்திறங்கினால் சுங்கச் சட்டத்தின்கீழ் அது பறிமுதலாகலாம். ஆயுதச் சட்டத்தின்கீழ்க் குற்றவழக்கும் உங்கள் மீது பதிவாகலாம்.